லெட்டினோவில் எரிந்த வரிக்கணக்கு: ஒரு சொல் குண்டாக மாறிய கதை

கேட்கப்பட்டது இது: "அனார்க்கிஸ்ட்டுகள் 'செயல்வழிப் பிரச்சாரம்' என்று சொன்னது குண்டு வீச்சையும் கொலையையும்தானே? அவர்களுக்குள்ளேயே யாரும் அதை எதிர்க்கவில்லையா? பகத்சிங் சட்டசபையில் வீசிய குண்டுக்கும் இதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?"

மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: உண்டு, அதுவும் எழுத்துப்பூர்வமாகவே. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

அதற்கு முன் சொல் விஷயம். தமிழில் 'அராஜகவாதம்' என்று எழுதினால் பாதிப்பேருக்கு அங்கேயே தீர்ப்பு முடிந்துவிடுகிறது. 'போலீஸ் அராஜகம்' என்று தலைப்புப் போடுகிற மொழி நம்முடையது. அரசே வேண்டாம் என்றவர்களின் பெயரை அரசாங்கத்தின் அத்துமீறலுக்கே சூட்டி வைத்திருக்கிறோம். பிரிட்டிஷ்காரர்களும் தங்களை எதிர்த்தவர்களை எல்லாம் இதே பெயரில்தான் அடைத்தார்கள். நாம் ரௌலட் சட்டம் என்று சொல்கிற 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப்பெயரில் 'அனார்க்கி' வந்துவிடும். இந்தப் பெயரில் அடைக்கப்பட்டவர்களில் அனார்க்கிசம் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதனால் இங்கே அனார்க்கிசம் என்றே எழுதுகிறேன்.

இனி 1877 ஏப்ரல் 8-க்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை. தெற்கு இத்தாலியில் மத்தேசே மலைத்தொடரில் லெட்டினோ என்று ஒரு சின்ன ஊர். சுமார் இருபத்தைந்து அனார்க்கிஸ்ட்டுகள் ஆயுதங்களோடும் கொடியோடும் ஊருக்குள் வருகிறார்கள். முன்னால் வந்தவர்களில் கார்லோ கஃபியெரோ பணக்கார வீட்டுப் பிள்ளை, பூர்வீகச் சொத்தைப் புரட்சிக்கே கரைத்தவர். எர்ரிக்கோ மலடெஸ்டாவுக்கு வயது 23, மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். நேராக ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அரசர் விக்டர் இம்மானுவேல் பதவி நீக்கப்பட்டார் என்று அறிவித்தார்கள். நிலப் பத்திரங்கள், வரிக்கணக்குப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டுத் தீ வைத்தார்கள். கஃபியெரோ அந்த வட்டாரப் பேச்சுவழக்கிலேயே பேசினார். ஊர்ப் பாதிரியார் ஃபொர்த்தினி, பயப்படாதீர்கள், இவர்கள் கடவுள் அனுப்பிய தூதர்கள் என்று ஜனங்களிடம் சொன்னார்.

பிறகு பக்கத்து ஊரான கால்லோவுக்குப் போய் அங்கேயும் அதையே செய்தார்கள். கூடுதலாக ஒன்று: மாவு மில்களில் இருந்த எண்ணும் கருவிகளை உடைத்தார்கள். 1869 முதல் இத்தாலியில் மாவரைக்க வரி இருந்தது. திரிகை எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி வரி போட ஒவ்வொரு மில்லிலும் அரசாங்கம் ஒரு கருவியை மாட்டி வைத்திருந்தது. ஏழை ஒருவர் ஒரு மூட்டை தானியத்தோடு மில்லுக்குப் போனாலும் அரசாங்கம் கூடவே நின்று எண்ணியது. அந்தக் கருவியை உடைத்ததற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

செயல்வழிப் பிரச்சாரம் என்று முதலில் சொல்லப்பட்டது இதைத்தான். யாரையும் ஒளிந்திருந்து கொல்வதல்ல. பட்டப்பகலில் ஓர் ஊரைக் கைப்பற்றி, வரிக்கணக்கை எரித்து, அரசு இல்லாமல் ஒரு நாள் எப்படியிருக்கும் என்று காட்டிவிட்டு அடுத்த ஊருக்கு நகர்வது. 1876 டிசம்பரில் கஃபியெரோவும் மலடெஸ்டாவும் எழுதிய கடிதத்தில், கிளர்ச்சிச் செயல்தான் மிகப் பயனுள்ள பிரச்சாரம் என்று அறிவித்திருந்தார்கள். நான்கே மாதத்தில் லெட்டினோ. 1877 ஆகஸ்டில் பால் புரூஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் சுவிட்சர்லாந்தின் ஜூரா கூட்டமைப்பு என்ற அனார்க்கிஸ்ட் அமைப்பின் இதழில் 'செயல்வழிப் பிரச்சாரம்' என்ற பெயரிலேயே கட்டுரை எழுதி அந்தச் சொல்லை நிலைநிறுத்தினார். அவர் வாதம் எளிமையானது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வீடு திரும்புகிற தொழிலாளிக்குப் புத்தகம் படிக்க நேரம் ஏது? ஒரு நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்தினால் அவரே கேட்பார், விவாதிப்பார். இதே புரூஸ் பிற்காலத்தில் சீர்திருத்தவாதியாகி 1905-இல் பாரிஸ் நகரசபையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அது தனிக் கதை.

லெட்டினோ என்ன ஆனது? ஜனங்கள் கைதட்டினார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள். பறிமுதல் செய்து அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்த பழைய துப்பாக்கிகளையும் கோடாலிகளையும் கலகக்காரர்கள் ஊராருக்கே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் யாரும் அசையவில்லை. பொறுமையிழந்த கஃபியெரோ, 'துப்பாக்கியும் கோடாலியும் கொடுத்தாச்சு, கத்தி உங்ககிட்டயே இருக்கு. செய்யிறதா இருந்தா செய்யுங்க, இல்லாட்டி நாசமாப் போங்க' என்ற பொருளில் பச்சையாகவே திட்டினாராம். சில நாளில் ராணுவம் மலையைச் சுற்றி வளைத்தது. மழை, பனி, பசி. மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்காத நிலையில் ஒரு பண்ணை வீட்டில் அகப்பட்டார்கள். தொடக்கத்திலேயே நடந்த ஒரு மோதலில் சுடப்பட்ட காவலர் ஒருவர் பிறகு இறந்திருந்தார், வழக்கு அதன்மேல் ஓடியது. 1878 ஆகஸ்டில் பெனவெந்தோ நகரத்து ஜூரிகள் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்ய நினைத்தவர்களுக்கு ஓராண்டுக்கு மேல் சிறைதான் கிடைத்தது. ஆனால் அவர்கள் சொல்ல வந்தது அதிகம் பேர் காதில் விழுந்தது அந்த வழக்கு மன்றத்தில்தான். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இதற்கும் இருபது ஆண்டு முன்னால் ஒரு கசப்பான முன்கதை இருக்கிறது. கருத்திலிருந்து செயல் பிறப்பதில்லை, செயலிலிருந்துதான் கருத்து பிறக்கிறது என்று எழுதியவர் கார்லோ பிசக்கானே. கஃபியெரோவும் மலடெஸ்டாவும் வளர்ந்தது அந்த வாசகத்தில்தான். 1857-இல் பிசக்கானே போன்ஸா தீவுச் சிறையிலிருந்து கைதிகளை விடுவித்து, அவர்களோடு சாப்ரி கடற்கரையில் இறங்கி, நேப்பிள்ஸ் அரசுக்கு எதிராக விவசாயிகளைத் திரட்டப் புறப்பட்டார். விவசாயிகளோ கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்து அரிவாளோடு பாய்ந்தார்கள். சான்ஸா என்ற ஊரில் அவர் கதை முடிந்தது. செயல் பேசும் என்று நம்பியவரின் செயலை, யாருக்காகச் செய்தாரோ அவர்களே தப்பாக வாசித்தார்கள்.

இந்த விவாதத்தில் என் கருத்தும் இதுதான். வன்முறை சரியா தவறா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: செயல் தானாகப் பேசுமா? பேசாது. வரிக்கணக்கை எரித்தால் கிட்டத்தட்டப் பேசும், ஏனென்றால் வரி கட்டுகிறவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைத் தாண்டிப் போகப் போக, செயலுக்கு அர்த்தம் எழுதும் வேலை பத்திரிகைக்கும் போலீசுக்கும் வழக்கு மன்றத்துக்கும் போய்விடுகிறது. சொல்லை விட்டுச் செயலுக்குப் போகிறோம் என்று கிளம்பியவர்கள், கடைசியில் தங்கள் செயலை விளக்கக் குற்றவாளிக் கூண்டில் நின்று மணிக்கணக்கில் பேச வேண்டியிருந்தது.

சரி, ஊரைக் கைப்பற்றுவது எப்படிக் குண்டாகச் சுருங்கியது? ஒரே நாளில் நடந்ததல்ல. 1871-இல் பாரிஸ் கம்யூனை, அதாவது பாரிஸ் நகரத்தைக் கைப்பற்றி ஆண்ட கிளர்ச்சி அரசை, நசுக்கியபோது ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சுடப்பட்டார்கள். வெளிப்படையாக இயங்க முடியாது என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிட்டது. 1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒரு படை செய்கிற வேலையை ஒற்றை ஆள் செய்யலாம் என்ற மயக்கம் பரவியது. 1878-இல் மட்டும் ஜெர்மன் பேரரசர்மீது இரண்டு முறை, ஸ்பெயின் அரசர்மீது ஒரு முறை, இத்தாலியின் புதிய அரசர் உம்பெர்ட்டோமீது ஒரு முறை கொலை முயற்சி நடந்தது. 1880 டிசம்பரில் 'லெ ரெவோல்தே' என்ற அனார்க்கிஸ்ட் இதழில் வந்த கட்டுரை பேச்சு, எழுத்து, குத்துவாள், துப்பாக்கி, டைனமைட் என்று வரிசையாக அடுக்கியது. இன்றுவரை அந்த வரி ரஷ்ய அனார்க்கிஸ்ட் சிந்தனையாளர் குரோப்போட்கின் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் கஃபியெரோ. மனம் சிதைந்து மனநலக் காப்பகத்தில் 1892-இல் இறந்த மனிதர் அவர். தன் பங்குக்கு மேல் சூரிய ஒளி தனக்கு வந்துவிடுமோ என்ற கவலை கடைசிக் காலத்தில் அவரை வாட்டியதாகச் சொல்வார்கள்.

1881 மார்ச்சில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டர் குண்டு வீச்சில் இறந்தார். கொன்றவர்கள் நரோத்னயா வோல்யா என்ற அமைப்பினர், அனார்க்கிஸ்ட்டுகள் அல்லர். ஆனால் ஐரோப்பாவே அதிர்ந்ததைப் பார்த்த அனார்க்கிஸ்ட்டுகளில் பலருக்கு வழி இதுதான் என்று பட்டது. அந்த ஜூலையில் லண்டனில் கூடிய மாநாடு, உறுப்பினர்கள் தொழில்நுட்பத்தையும் வேதியியலையும் படிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

அந்த மாநாட்டில் சத்தமாகப் பேசியவர்களில் ஒருவர் செரோ. அவர் பாரிஸ் போலீசின் ஆள்.

இந்த இடத்தைச் சும்மா கடந்துவிட முடியாது. பாரிஸ் போலீஸ் தலைவர் லூயி ஆந்திரியே, செரோவின் வழியாகப் பணம் கொடுத்து 'சமூகப் புரட்சி' என்ற அனார்க்கிஸ்ட் பத்திரிகையையே நடத்தினார். ஒன்றும் அறியாத லூயிஸ் மிஷேல் என்ற கம்யூன் போராளி அதில் எழுதினார். பதவி போனபின் ஆந்திரியே தன் நினைவுக் குறிப்புகளில் இதை ஒளிக்காமல் எழுதினார்: அனார்க்கிஸ்ட்டுகளுக்கு ஒரு பத்திரிகை கொடுப்பது, சதியாலோசனை அறைக்கும் போலீஸ் தலைவரின் அறைக்கும் நடுவே டெலிபோன் போடுவது போல. கம்யூனை நசுக்கிய தியேரின் சிலை சாங்-ஜெர்மானில் இருந்தது. 1881 ஜூனில் அதைத் தகர்க்கத் திட்டம் போட்டார்கள், அதுவும் ஆந்திரியேவுக்கு முன்பே தெரியும். மருந்தை அடைத்தது ஒரு மத்தி மீன் டப்பாவில். வெடித்தது, சிலையில் ஒரு கறுப்புத் தடம் விழுந்தது. பிரான்சில் வெடிமருந்தோடு நடந்த முதல் செயல்வழிப் பிரச்சாரம் அவ்வளவுதான், அதுவும் போலீஸ் வேடிக்கை பார்க்க நடந்தது. இதை வைத்து எல்லாமே போலீஸ் சதி என்று சொல்கிறவர்களும் உண்டு. அது அளவுக்கு மீறியது. பின்னால் வந்தவர்கள் யாரும் கூலிக்கு வேலை செய்தவர்கள் அல்லர். ஆனால் குண்டு அரசாங்கத்துக்கும் வசதியான மொழிதான் என்பதை ஆந்திரியே முதலிலேயே புரிந்துகொண்டார்.

அடுத்து 1892 முதல் 1894 வரையிலான பாரிஸ். குண்டு வீசும் அனார்க்கிஸ்ட் என்று நம் தலையில் இருக்கும் படம் இந்த இரண்டே ஆண்டுகளில் வரைந்தது.

1891 மே தினத்தன்று பாரிஸை ஒட்டிய க்ளிஷியில் போலீசோடு நடந்த மோதலில் பிடிபட்ட மூன்று அனார்க்கிஸ்ட்டுகளைக் காவல் நிலையத்தில் அடித்து நொறுக்கினார்கள், இருவருக்குக் கடும் தண்டனையும் கிடைத்தது. பழிக்குப் பழியாக ரவஷோல் என்ற அனார்க்கிஸ்ட் 1892 மார்ச்சில் அந்த வழக்கின் நீதிபதி வீட்டிலும் அரசு வழக்கறிஞர் வீட்டிலும் குண்டு வைத்தார். இரண்டிலும் யாரும் சாகவில்லை. சாப்பாட்டுக் கடை சர்வர் ஒருவர் அடையாளம் கண்டு போலீசில் சொல்ல, பிடிபட்டார். முன்பு பணத்துக்காக ஒரு வயதான துறவியைக் கொன்றதும் வெளியே வந்தது. ஜூலையில் கில்லட்டின். 1893 டிசம்பர் 9-இல் ஒகூஸ்ட் வையான் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து ஆணிகள் அடைத்த குண்டை வீசினார். பலர் காயப்பட்டார்கள், யாரும் சாகவில்லை. சபைத் தலைவர் துப்புய், கூட்டம் தொடர்கிறது என்று அறிவித்தார். யாரையும் கொல்லாத வையானின் தலை பிப்ரவரி 5-இல் விழுந்தது. குண்டு விழுந்த சில நாட்களுக்குள்ளேயே அவசரச் சட்டங்கள் வரத் தொடங்கின. 'கயமைச் சட்டங்கள்' என்று எதிர்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். அவற்றில் கடைசியாக 1894 ஜூலையில் போட்டது 1992 வரை ரத்தாகாமல் கிடந்தது.

வையான் இறந்து ஒரு வாரம். பிப்ரவரி 12 இரவு. எமீல் ஆன்ரி, வயது 21, கம்யூன் போராளி ஒருவரின் மகன், படிப்பில் கெட்டிக்காரர். தொழிலாளிகள் மதியச் சாப்பாடு கொண்டுபோகிற இரும்புத் தூக்குச்சட்டி ஒன்றில் வெடிமருந்தையும் ஈயக் குண்டுகளையும் அடைத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு புறப்படுகிறார். முதலில் ஆடம்பரக் காஃபிக் கடைகளைப் பார்க்கிறார், கூட்டம் போதவில்லை. சாங்-லசார் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினுஸ் கடை நிரம்பியிருக்கிறது, வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. உட்காருகிறார். இரண்டு பீர் வாங்குகிறார். ஒரு சுருட்டு. காசைக் கொடுத்துவிடுகிறார். சுருட்டு நெருப்பில் திரியைப் பற்றவைத்துக் கூட்டத்தை நோக்கி எறிகிறார். ஒருவர் இறந்தார், சுமார் இருபது பேர் காயம்.

இதற்கு முன் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி இருந்தது: அரசர், நீதிபதி, நாடாளுமன்றம். டெர்மினுஸில் இருந்தவர்கள் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், வேலை முடிந்து வந்த குமாஸ்தாக்கள். வழக்கு மன்றத்தில் இதைக் கேட்டபோது ஆன்ரி தயங்கவே இல்லை. மாதம் முந்நூறு, ஐந்நூறு பிராங்க் சம்பளம் வாங்கிக்கொண்டு முதலாளியைவிட மோசமாக ஏழையை வெறுக்கிற கூட்டம்தான் டெர்மினுஸின் வாடிக்கையாளர் என்றார். போலீஸ் அனார்க்கிஸ்ட்டுகளைக் கும்பலாகப் பிடிக்கிறது. நாங்களும் கும்பலாகத்தான் அடிப்போம் என்றார். அந்தப் பேச்சைப் படித்தால் அதன் தர்க்கம் கத்தி போல் இருக்கும். சுரண்டலைப் பற்றி அவர் சொல்வதில் பாதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்தத் தர்க்கத்துக்குள் ஒரு மனிதர்கூட இல்லை. அவர் இதற்கு முன் வைத்த குண்டின் கதை அதைக் காட்டும். 1892 நவம்பரில், கார்மோ சுரங்கத் தொழிலாளர்களை வஞ்சித்த கம்பெனியின் பாரிஸ் அலுவலக வாசலில் வைத்தார். போலீஸ் அதைக் காவல் நிலையத்துக்கு எடுத்துப்போக, அங்கே வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருவர், அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே போன கம்பெனியின் ஆபீஸ் பையன். கம்பெனி முதலாளிகள் ஒருவர்மீதும் கீறல் விழவில்லை.

இனி இரண்டாவது கேள்வி: அவர்களுக்குள் எதிர்ப்பு இருந்ததா? நிறையவே இருந்தது. அதில் முதல் குரல் மலடெஸ்டாவுடையது. ஆம், லெட்டினோவில் வரிக்கணக்கை எரித்தவர்தான். ரவஷோல் தலை வெட்டப்பட்டு ஆறு வாரத்தில், 1892 ஆகஸ்டில், பாரிஸின் 'லான்-தெஓர்' இதழில் 'கொஞ்சம் கோட்பாடு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அகிம்சைவாதி அல்லர். அடிமை தன்னை விடுவித்துக்கொள்ள அடிக்கலாம், அது நியாயம் என்றார். ஆனால் தேவைக்கு மேல் விழுகிற ஒவ்வோர் அடியும் விடுதலையைக் கெடுக்கும். வெறுப்பிலிருந்து அன்பு பிறக்காது, வெறுப்பால் உலகைப் புதுப்பிக்க முடியாது என்றார். அடுத்த வாரமே அதே இதழில் இளைஞர் ஒருவர் மறுப்பு எழுதினார். போராடுகிறவர்களின் வெறுப்பு அன்பிலிருந்துதான் பிறக்கிறது. எது சரியான செயல் என்று அவரவர் முடிவு செய்வார், வரையறுத்துக் கொடுக்க மலடெஸ்டா யார் என்ற தொனி. எழுதியவர் எமீல் ஆன்ரி. கார்மோ குண்டுக்கு இன்னும் சில மாதம், டெர்மினுஸுக்கு ஒன்றரை ஆண்டு இருந்தது.

இந்த விவாதத்தில் ஆன்ரி தொட்ட நரம்பு உண்மையானது. தலைமையும் கட்டளையும் வேண்டாம் என்கிற இயக்கத்தில், 'இதைச் செய்யாதே' என்று சொல்ல யாருக்கு உரிமை? மற்ற கட்சிகள் ஒருவரை நீக்கிவிட்டுக் கை கழுவலாம். அனார்க்கிஸ்ட்டுகளிடம் நீக்குவதற்கு உறுப்பினர் அட்டையே கிடையாது. அதனால்தான் பெரியவர்கள் பலர் தடுமாறினார்கள். குரோப்போட்கின், பல நூற்றாண்டு வரலாற்றில் எழுந்த கட்டடத்தைச் சில கிலோ வெடிமருந்தால் தகர்த்துவிட முடியாது என்று 1891-இலேயே எழுதினார். ஆனால் குண்டு வைத்த தனியாளைப் பழிக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. அவரை அந்த நிலைக்குத் தள்ளிய சமூகம்தான் பதில் சொல்ல வேண்டும் என்பார். புவியியல் மேதை எலிசே ரெக்லூ ரவஷோலைப் புகழ்ந்தே பேசினார். டெர்மினுஸுக்குப் பின் இந்த இரக்கம் வற்றியது. அனார்க்கிசத்துக்குப் பரிவு காட்டிய எழுத்தாளர் ஒக்தாவ் மிர்போ, அதன் பரம எதிரிகூட ஆன்ரியைவிடத் திறமையாக அதற்குக் கேடு செய்திருக்க முடியாது என்று எழுதினார்.

மலடெஸ்டா இந்த விஷயத்தில் கடைசிவரை மாறவில்லை. 1900 ஜூலையில் கயெத்தானோ ப்ரேஷி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து மோன்ஸாவில் அரசர் உம்பெர்ட்டோவைச் சுட்டுக் கொன்றார். 1898-இல் மிலானில் ரொட்டி விலைக்காகத் தெருவில் இறங்கியவர்கள்மேல் பீரங்கி வைத்த தளபதிக்கு அந்த அரசர் பதக்கம் குத்தியிருந்தார். இத்தாலியில் ரகசியமாகச் சந்தோஷப்பட்டவர்கள் கொஞ்சமல்ல. அப்போதும் மலடெஸ்டா எழுதியது இதுதான்: ஓர் அரசரின் உடலைக் கொல்வது முக்கியமில்லை, அரண்மனையிலும் நாடாளுமன்றத்திலும் தொழிற்சாலையிலும் இருக்கிற எல்லா அரசர்களையும் ஜனங்களின் மனசில் கொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் எல்லோரும் படிக்க வேண்டிய ஆள் மலடெஸ்டாகூட இல்லை, அமெரிக்காவுக்குக் குடியேறிய ரஷ்ய அனார்க்கிஸ்ட் அலெக்ஸாண்டர் பெர்க்மன். 1892-இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைநிறுத்தம். முதலாளி தரப்பு இறக்கிய பிங்கர்ட்டன் கூலிப்படைக்கும் தொழிலாளிகளுக்கும் நடந்த சண்டையில் இரு பக்கமும் உயிர்ச்சேதம். பெர்க்மனுக்கு 21 வயது. தொழிலாளிகளுக்காகப் பழிவாங்க, ஆலை நிர்வாகி ஹென்றி ஃப்ரிக்கை பிட்ஸ்பர்கில் அவர் அலுவலகத்துக்கே போய்ச் சுட்டார், குத்தினார். ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார். அந்த அறைக்கு ஓடிவந்து பெர்க்மன் தலையில் சுத்தியலால் அடித்தவர் யார் தெரியுமா? கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு தச்சர். தொழிலாளி. சிறையில் இன்னும் மோசம். ஹோம்ஸ்டெட் போராட்டத்தில் கைதாகி வந்தவரே, ஃப்ரிக்கை ஏன் சுட்டாய், ஏதாவது வியாபாரத் தகராறா என்று கேட்டதை பெர்க்மன் தன் சிறை நினைவுகளில் எழுதியிருக்கிறார். பிசக்கானேவின் அரிவாள் அமெரிக்காவில் சுத்தியலாக வந்தது. டைனமைட்டைப் பற்றிக் கையேடே எழுதிய யோஹான் மோஸ்ட்கூட பெர்க்மனைக் கைவிட்டார். அதற்காக பெர்க்மனின் தோழி எம்மா கோல்ட்மன் ஒரு கூட்டத்தில் மேடையேறி மோஸ்டைக் குதிரைச் சவுக்கால் விளாசினார்.

பெர்க்மன் பதினான்கு ஆண்டு உள்ளே இருந்தார். அந்த நடுவில், 1901 செப்டம்பரில், லியோன் சோல்கோஷ் என்பவர் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டார். கோல்ட்மனையும் பிடித்து விசாரித்தார்கள். சுட்டவர்மேல் கோல்ட்மனுக்கு அடங்காத இரக்கம். சிறையிலிருந்து பெர்க்மன் எழுதிய கடிதம் அவரை அதிர வைத்தது. அந்தச் செயலுக்குக் கல்விப் பயன் இருக்குமா என்று சந்தேகப்படுகிறேன், அதற்கான சமூகத் தேவை ஜனங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். ரஷ்யாவில் கொடுங்கோலன் கண்முன் நிற்கிறான். அமெரிக்காவில் ஆள்வது பொருளாதாரம், ஓட்டுப்போட்ட ஜனம் ஜனாதிபதியைத் தன் ஆள் என்று நினைக்கிறது, அவரைச் சுட்டால் அவர்களுக்கு என்ன புரியும்? ஒன்பது வருஷம் சிறையில் உட்கார்ந்து, சுத்தியலால் அடித்த அந்தத் தச்சரைப் பற்றி யோசித்தவரின் வாக்கியம் அது. கோல்ட்மன் கேட்டார்: நீ செய்ததும் அதுதானே? பெர்க்மன் வேறுபாடு சொன்னார், தன் செயலை அவர் மறுதலிக்கவில்லை. அந்த வேறுபாடு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. கோல்ட்மனுக்கும் தரவில்லை.

1890-களின் பாதியிலேயே பிரான்சில் பலர் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். ஃபெர்னான் பெலூத்தியே 1895-இல், டைனமைட்டை விட்டுத் தொழிற்சங்கங்களுக்குள் போங்கள் என்ற பொருளில் எழுதினார். எமீல் பூஜே போன்றவர்கள் அங்கேதான் போனார்கள். வேலைநிறுத்தம், மெதுவேலை, புறக்கணிப்பு ஆகியவற்றைச் சேர்த்து 'நேரடி நடவடிக்கை' என்றார்கள். மில்லின் எண்ணும் கருவியை உடைத்த புத்திதான் இது, சுற்றி வந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தது. நம் ஊர்க்காரர் ஒருவரும் கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்தார். சென்னையில் பிறந்து, பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகையோடு புதுச்சேரிக்குப் போய், இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய லண்டன் இந்தியா ஹவுஸின் துப்பாக்கிக் காலத்தைப் பார்த்து, 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது கூட இருந்து, கடைசியில் பெர்லினில் அனார்க்கிசத் தொழிற்சங்கவாதிகளோடு சேர்ந்தவர் எம்.பி.டி. ஆச்சார்யா. தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுத வேண்டும். குண்டுகள் முற்றாக நின்றுவிடவில்லை. ஸ்பெயினில் குண்டு, சித்திரவதை, பழிக்குப் பழி என்று ஓர் சக்கரமே சுற்றியது. அமெரிக்காவில் இத்தாலிய அனார்க்கிஸ்ட் கல்லேயானியின் ஆட்கள் 1919-இல் வெடி வைத்தார்கள். ஆனால் இயக்கத்தின் எடை அதற்குள் சங்கங்களின் பக்கம் போய்விட்டிருந்தது.

இனி பகத்சிங். 1929 ஏப்ரல் 8, டெல்லி மத்திய சட்டசபை. லெட்டினோவுக்குச் சரியாக ஐம்பத்திரண்டு ஆண்டு கழித்து அதே தேதி, தற்செயல்தான். பகத்சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்து வலுக்குறைந்த குண்டுகளை வீசினார்கள். சிலருக்குச் சிறு காயம். கூடவே பறந்த துண்டறிக்கையின் முதல் வரி: செவிடர்களைக் கேட்க வைக்க உரத்த குரல் வேண்டும். அது பிரெஞ்சு அனார்க்கிஸ்ட் தியாகி வையானின் சொல் என்று அறிக்கையிலேயே பெயர் சொல்லி எழுதியிருந்தார்கள். வையான் தன் வழக்கில் பேசியதன் எதிரொலி அது. பகத்சிங் போகிற போக்கில் எங்கோ கேட்ட வாசகமும் அல்ல. 1928-இல் 'கிர்த்தி' இதழில் அனார்க்கிசத்தைப் பற்றித் தொடராகவே எழுதியிருந்தார். இதனால் அவரை அனார்க்கிஸ்ட் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய அமைப்பின் பெயரிலேயே சோஷலிசமும் குடியரசும் இருந்தன, கடைசிக் காலத்தில் அவர் படித்தது மார்க்சையும் லெனினையும்.

ஆனால் வையானிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதையும் எடுக்காததையும் கவனியுங்கள். வையான் குண்டில் ஆணி அடைத்தார். இவர்கள் காலி இருக்கையைத் தேடினார்கள். வையான் வெடித்த பிறகு கூண்டில் விளக்கம் சொன்னார். இவர்கள் விளக்கத்தை அச்சடித்துக் கையில் கொண்டுவந்தார்கள். தப்பிக்க வாய்ப்பிருந்தும் நின்றார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வழக்கு மன்ற மேடை. நான்கு மாதம் முன்னால் லாகூரில் போலீஸ் அதிகாரி சாண்டர்ஸைச் சுட்டபோதும் சுவரொட்டி ஒட்டிக் காரணம் சொன்னார்கள். வெடிச்சத்தம் வெறும் மணியோசை, பேசப்போவது காகிதம்தான் என்று தெரிந்தவர்களின் ஏற்பாடு இது. லெட்டினோக்காரர்கள் தற்செயலாகக் கண்ட வழக்கு மன்றத்தை இவர்கள் திட்டமிட்டே தேடிப்போனார்கள்.

1930 ஜனவரியில் லாகூர் உயர் நீதிமன்றத்தில், குண்டும் துப்பாக்கியும் புரட்சியைக் கொண்டுவராது, புரட்சியின் வாள் கருத்துகள் என்ற சாணைக்கல்லில்தான் கூர்மையாகிறது என்றார் பகத்சிங். 1931 பிப்ரவரி 2-இல் இளம் அரசியல் ஊழியர்களுக்கு எழுதியது இன்னும் வெளிப்படை. பார்வைக்கு நான் பயங்கரவாதிபோல நடந்திருக்கிறேன், ஆனால் நான் பயங்கரவாதி அல்ல. அந்த முறைகளால் நாம் எதையும் அடைய முடியாது என்று உறுதியாக நம்புகிறேன் என்று எழுதிவிட்டு, ஆலைக்கும் வயலுக்கும் போய்த் தொழிலாளர்களையும் விவசாயிகளையும் திரட்டச் சொன்னார். ஏழு வாரம் கழித்து மார்ச் 23-இல் தூக்கிலிட்டார்கள். அவருடைய குண்டு நமக்கு நினைவிருக்கும் அளவுக்கு அந்தக் கடிதம் நினைவில் இல்லை.